சரிவு குடியேறிய வீடு

ஒரு வீட்டின் வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் வாசலைத் தேடுவோம். பிறகு ஹால், சமையலறை, படுக்கையறை என்று விரலாலேயே உள்ளே நடந்துபோவோம். பிராக் நகரத்தில் 1930-இல் கட்டிமுடித்த முல்லர் வீட்டின் வரைபடத்தில் அப்படி நடந்தால் சீக்கிரமே விரல் தடுக்கிவிடும். ஹால் இருக்கிறது, அதை ஒட்டிச் சாப்பாட்டு அறையும் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னப் படிவரிசை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படிவரிசை வேறெங்கோ ஏறுகிறது. அடுத்த தாளைப் புரட்டினால், முந்தைய தாளில் பாதியில் விட்ட அறை இங்கே மீதி தெரிகிறது. தரைத்தளம் எது, முதல் தளம் எது என்று கேட்டால் இந்த வீட்டில் பதில் கிடைக்காது.

அந்தப் பதில் கிடைக்காமல் போவதில்தான் இந்த வீட்டின் நயம் தொடங்குகிறது. அதற்குக் காரணம் அது நிற்கும் இடம். பிராக்கின் ஸ்ட்ரெஷோவிட்சே பகுதியில், மேலே ஒரு தெருவும் கீழே ஒரு தெருவுமாக நடுவில் இறங்கும் செங்குத்தான மனை. நம் மலையூர்களில் இப்படி ஒரு மனை அமைந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். முதல் நாள் ஜேசிபி வரும். மேட்டைக் குடைந்து, அந்த மண்ணைப் பள்ளத்தில் தள்ளி, கீழ்ப்பக்கம் உயரமாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, சமதரையில் ஒரு மனை உண்டாக்குவார்கள். அதன்மேல் மதுரையிலோ சேலத்திலோ கட்டியிருக்க வேண்டிய வீட்டைக் கட்டுவார்கள். மழைக்காலத்தில் கொட்டிய மண் நீரைக் குடித்துக் கனக்கும். சுவரில் நீர் வடியத் துளை விடாமல் இருந்தால் சுவர் வயிறு தள்ளும். 2009 நவம்பரில் நீலகிரி கண்ட மண்சரிவுகளுக்குப் பிறகும் இந்தப் பழக்கம் முழுதாக மாறியதாகத் தெரியவில்லை.

முல்லர் வீட்டை வடிவமைத்த அடால்ஃப் லோஸ் சரிவை வெளியே தள்ளவில்லை. அதை வீட்டுக்குள்ளேயே குடிவைத்தார். இந்த வீட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்தார் என்ற விவரம். ஆனால் சுவையெல்லாம் அந்த விவரத்தில் இருக்கிறது.

லோஸ் 1870-இல் ப்ர்னோ நகரில் ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்தார். வியன்னாவில் பேர்போன கட்டடக் கலைஞர். அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசிய கட்டுரையால் ஐரோப்பா முழுக்கச் சண்டைக்காரர் என்று பெயர் வாங்கியவர். வீட்டுக்காரர் ஃப்ரான்டிஷெக் முல்லர், கட்டுமானத் தொழிலதிபர். அவர் பங்குதாரராக இருந்த நிறுவனத்துக்குக் கான்கிரீட் வேலையில் நல்ல பெயர். மனைவி மிலடா. 1928-இல் வடிவமைப்பு தொடங்கியது. பில்சன் நகரத்துக் கட்டடக் கலைஞர் காரெல் ல்ஹோட்டா கூட இருந்து வேலை செய்தார். லோஸுக்கு அப்போது காது நன்றாக மந்தம், உடல்நிலையும் சரியில்லை. நகராட்சி அனுமதி பலமுறை மறுக்கப்பட்டு, முறையீட்டுக்கு மேல் முறையீடு போட்டுத்தான் கிடைத்தது. கான்கிரீட் தொழிலில் இருப்பவரே வீட்டுக்காரராக அமைந்தது லோஸின் அதிர்ஷ்டம். வேறு யாராக இருந்தாலும் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில், “இத்தனை மட்டமா? ஸ்லாப் போடுகிற செலவு யார் தருவது?” என்று சுருட்டித் திருப்பிக் கொடுத்திருப்பார்.

லோஸின் நிலைப்பாடு சுருக்கமானது. தான் தரைப்படம் வரைவதில்லை, முகப்பு வரைவதில்லை, இடங்களை வடிவமைப்பதாகச் சொன்னார். ஒவ்வோர் அறைக்கும் அதன் வேலைக்குத் தக்க உயரம் வேண்டும். பத்துப் பேர் கூடும் கூடத்துக்கு இருக்கும் உயரம் இருவர் உட்கார்ந்து பேசும் அறைக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. 1931-இல் அவர் சீடர் ஹைன்ரிஹ் குல்கா எழுதிய நூல் வந்த பிறகு இந்த முறைக்கு ‘ரௌம்பிளான்’ என்ற பெயர் நிலைத்தது.

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. போட்டுப் பார்த்தால்தான் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கூடத்துக்கு நான்கு மீட்டர் உயரம். சாப்பாட்டு அறைக்கு இரண்டே முக்கால் போதும். வழக்கப்படி கட்டினால் இரண்டுக்கும் தரை ஒன்று, கூரை ஒன்று. ஆகவே சாப்பாட்டு அறைத் தலைக்கு மேல் ஒன்றேகால் மீட்டர் காற்று சும்மா கிடக்கும். அதற்கும் செங்கல் வைத்திருக்கிறோம், பூசியிருக்கிறோம், வெள்ளை அடித்திருக்கிறோம். லோஸ் வழியில் சாப்பாட்டு அறையின் தரையை அந்த ஒன்றேகால் மீட்டர் தூக்கிவிடலாம். எட்டுப் படி, ஒவ்வொன்றும் பதினாறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, குழந்தைகூட ஏறிவிடும். இப்போது மிச்சமான உயரம் சாப்பாட்டு அறைக்குக் கீழே போய்விட்டது, அங்கே இருக்கிற அறை நிமிர்ந்துகொள்கிறது. காற்று வீணாகவில்லை.

சமதரையில் இந்த விளையாட்டைப் பிடிவாதமாக வரவழைக்க வேண்டும். சரிவில் பூமியே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. வீட்டின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே மண் தானாகவே இறங்குகிறது. அந்த இறக்கத்தைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் புதைக்கலாம், அல்லது எட்டெட்டுப் படிகளாகப் பிரித்து அறைகளுக்குக் கொடுத்துவிடலாம். லோஸ் இரண்டாவதைச் செய்தார். மேல்தெருப் பக்கத்திலிருந்து ஆட்கள் நுழைகிறார்கள். கொதிகலன், துணி துவைப்பு முதலான பாரமான காரியங்கள் சரிவில் கீழே இறங்கிக்கொண்டன. நடுவில் குடும்பம் சுழன்று சுழன்று ஏறுகிறது.

இனி உள்ளே போவோம். இந்த வீட்டை வாசலிலிருந்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெளியே வெள்ளைப் பெட்டி. மொட்டை மாடி, மஞ்சள் சட்டம் போட்ட ஜன்னல்கள். ஒரு பூ வேலை கிடையாது, ஒரு வளைவு கிடையாது. பெரும்பணக்காரர் வீடு என்று தெருவில் போகிறவருக்குத் தெரிய ஒரு தடயமும் இல்லை. லோஸுக்கு அது கொள்கை: வீடு வெளியே வாய் திறக்கக் கூடாது, செல்வம் உள்ளே இருக்கட்டும். ஆனால் வாசலுக்கு வந்ததும் கொஞ்சம் இளகுகிறார். சுவரை உள்ளே குடைந்து, டிராவர்டைன் கல் பதித்து, அந்தக் குடைவிலேயே உட்கார ஓர் இருக்கை அமைத்திருக்கிறார். நம் வீட்டுத் திண்ணை மாதிரிதான். சாவி தேடுகிறவர், ஷூ கயிறு கட்டுகிறவர், மழை விடட்டும் என்று காத்திருக்கிறவர் எல்லோருக்கும் அது இடம். பெட்டி வீட்டின் உர்ரென்ற முகத்தில் வந்தவரைக் கூப்பிடுகிற இடம் இது ஒன்றுதான்.

கதவைத் திறந்தால் முன்னறை. கூரை தாழ்ந்திருக்கிறது, இடம் குறுகல். சுவரில் பச்சை நிறக் கண்ணாடி ஓடுகள். அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டருக்குப் பளீரென்று சிவப்பு வண்ணம். மற்றவர்கள் மரச்சட்டம் போட்டு மறைக்கிற இரும்புச் சாமானை இவர் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார். கோட்டு, தொப்பி, குடை வைக்கிற இடம் அடுத்தது. பணக்கார வீட்டுக்கு இவ்வளவு சின்ன முன்னறையா என்று விருந்தாளி நினைக்க வேண்டும் என்பதே திட்டம். அங்கிருந்து ஒரு குறுகிய படிவரிசை, நடுவே திருப்பத்தோடு. மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏறித் திரும்பி நிமிர்ந்தால், கூடத்தின் ஒரு மூலையில் வந்து நிற்கிறோம்.

தாழ்ந்த கூரைக்கும் நெருக்கத்துக்கும் பழகிய கண்ணுக்கு முன்னால் திடீரென்று உயரம், அகலம், வெளிச்சம். கூடத்தின் உண்மையான அளவு பிரமாண்டம் என்று சொல்ல முடியாது. அதைப் பிரமாண்டம் ஆக்குவது அதற்கு முன்னால் வந்த அந்தக் குறுகல்தான். சுருக்கிவிட்டு விரிப்பது ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, நம் கோயில் கோபுர வாசல்களைக் கடந்தவர்கள் அறிந்ததே. ஆனால் ஒரு குடும்ப வீட்டில், சில அடி தூரத்துக்குள், பத்துப் பன்னிரண்டு படிக்குள் அதைச் செய்து முடிப்பதற்கு வரைபடத்தின்மேல் பிடிப்பு வேண்டும். இந்தப் படியும் காசு செலவழித்து வரவழைத்த வித்தை இல்லை. வாசல் மட்டத்துக்கும் கூடத்து மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்படியும் ஏறித் தீர வேண்டியது. ஏறித் தீர வேண்டியதை அனுபவிக்கத் தக்கதாக ஆக்கினார், அவ்வளவுதான்.

கூடத்தின் சுவருக்கும் தூணுக்கும் சிப்போலினோ பளிங்கு உடுத்தியிருக்கிறார். சாம்பல் பச்சையில் அலையலையாக ஓடும் வரிகள். அலங்காரத்தைத் திட்டியவர் இவ்வளவு ஆடம்பரமான கல்லை ஏன் தேடினார் என்று கேட்பவர்கள் உண்டு. லோஸின் பக்கம் நியாயம் இருக்கிறது: இந்த வரியை யாரும் செதுக்கவில்லை, கல் தன்னோடு கொண்டுவந்தது. கல்தச்சர் பட்டறையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வேறுபாடு ரத்தத்தில் இருந்திருக்கும். பலகைகளை அறுத்த பிறகு வரியோடு வரி சேரப் பார்த்துப் பொருத்துவது கொத்தனாருக்குப் பொறுமையைச் சோதிக்கிற வேலை. செதுக்கு வேலையைவிடக் கவனம் கூடவே கேட்கும்.

இந்தப் பளிங்குச் சுவர் முழுச் சுவர் இல்லை என்பது அடுத்த நயம். தூண்களுக்கு இடையே அது திறந்திருக்கிறது. அந்தத் திறப்பில் படிகள் ஏறுவது தெரிகிறது, படிகளுக்கு அப்பால் சற்று உயரத்தில் சாப்பாட்டு அறை தெரிகிறது. வீட்டின் பாரத்தை வெளிச்சுவர்களும் நடுவே நிற்கும் கான்கிரீட் தூண்களும் தாங்கிக்கொள்வதால் உள்சுவருக்குச் சுமை இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு திறக்க முடிகிறது. கூடத்தில் நின்று பார்த்தால் சாப்பாட்டு அறை ஒரு மேடை. சாப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் கூடம் ஒரு பள்ளத்தாக்கு. கதவு இல்லாமலே இரண்டும் தனி அறைகள். பிரிப்பது அந்த உயர வித்தியாசம் ஒன்றுதான். ‘ஓப்பன் பிளான்’ என்று இன்று விற்கிற அபார்ட்மென்ட்களில் சோஃபாவில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராகச் சாப்பிட்ட தட்டு தெரியும். இங்கே தெரியாது. கீழிருந்து பார்க்கிறவருக்கு மேலே பேசுகிறவர்களின் குரல் கேட்கும், தலையும் தோளும் தெரியும்; எச்சில் தட்டு மறைந்துவிடும். இந்த ஒரு விவரத்துக்காகவே லோஸுக்கு ஒரு விருந்து வைக்கலாம்.

சாப்பாட்டு அறையின் கூரை தாழ்ந்தது, மகோகனி மரத்தில் கட்டம் கட்டமாக அமைந்தது. நடுவில் கல்மேல்பரப்பு கொண்ட வட்ட மேசை. ஆட்கள் கூடினால் விரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வட்ட மேசைக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது, ஆகவே அறைக்கும் நீள அகல வம்பு இல்லை. தாழ்ந்த மரக்கூரைக்குக் கீழே விளக்கைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் நெருக்கமாக உணர்வார்கள். பக்கத்திலேயே சமையலறை, அதே மட்டத்தில். இது சின்ன விஷயமாகத் தோன்றும். வீடு முழுக்கப் படி வைத்தவர், சூடான பாத்திரம் கையில் இருக்கிறவர் நடக்கிற பாதையில் மட்டும் படி வைக்கவில்லை. சரிவு வீட்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய இடம் இது.

கூடத்திலிருந்து கிளம்பும் மற்றொரு படிவழி வீட்டின் மிகப் பேசப்பட்ட அறைக்குக் கொண்டுபோகிறது: மிலடாவின் தனியறை. எலுமிச்சை மஞ்சள் நிற மரம் பதித்த சின்னஞ்சிறு அறை. அவ்வளவு சின்ன அறையிலும் லோஸ் தரையை ஒரே மட்டமாக விடவில்லை. ஒரு பகுதி படியேறி மேலே போகிறது, அங்கே சுவரோடு சுவராகப் பொருத்திய இருக்கை. எழுத ஓர் இடம், படுத்துப் படிக்க ஓர் இடம், இரண்டு தோழிகள் வந்தால் பேச ஓர் இடம் என்று ஒரு சிற்றறைக்குள் மூன்று மூலைகள் பிரிந்திருக்கின்றன. இருக்கையின் பக்கத்தில் ஒரு ஜன்னல். அது வெளியே பார்க்கவில்லை. கீழே இருக்கும் கூடத்தைப் பார்க்கிறது.

நாடகக் கொட்டகையின் ஓரத்தில் உயரத்தில் இருக்கும் சிறு தனி அறைகளைப் பற்றி லோஸ் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் குறுகிய இடத்தில் மூச்சு முட்டாமல் உட்கார முடிவது, எதிரே பெரிய அரங்கு விரிந்திருப்பதால்தான் என்பது அவர் கவனிப்பு. மிலடாவின் அறை அந்தக் கவனிப்பின் பலன். சின்ன அறை, ஆனால் கூடத்தின் முழு உயரமும் அதற்கு முன்னால் இருக்கிறது. கீழே யார் வந்திருக்கிறார்கள், போகலாமா, தலைவலி என்று சொல்லி இங்கேயே இருந்துவிடலாமா என்று வீட்டுக்காரி உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்யலாம். பியாட்ரிஸ் கொலொமினா என்ற கட்டடக்கலை வரலாற்றாளர் 1992-இல் வெளிவந்த கட்டுரையில் இதை வேறு கோணத்தில் பார்த்தார். லோஸ் வீடுகளில் பெண்ணின் இடம் எல்லாவற்றையும் பார்க்கிற இடம்போல இருந்தாலும், அங்கே உட்கார்ந்திருப்பவளும் பார்வைக்கு உள்ளாகிறாள் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. எனக்கு மட்டும் அந்த ஜன்னலில் கொஞ்சம் குறும்பும் தெரிகிறது. விருந்தாளி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கூடத்தில் காத்திருக்க, மேலே ஒரு ஜோடிக் கண்கள்.

முல்லரின் நூலக அறையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கருத்த மகோகனி, புத்தக அலமாரிகள், ஆண்பிள்ளைத் தோரணை. மனைவிக்கு இளமஞ்சள், கணவனுக்குக் கரும்பழுப்பு என்ற பங்கீட்டைப் பார்க்கும்போது, இத்தனை மரபை உடைத்தவர் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் வேறு வேறு மட்டங்களில், வேறு வேறு கதவுகளுக்குப் பின்னால் இருவருக்கும் ஆளுக்கோர் அறை இருந்தது. அந்த நாளில் எத்தனை மனைவிமாருக்கு அது கிடைத்தது?

படுக்கையறைத் தளத்துக்கு வந்ததும் விளையாட்டு நின்றுவிடுகிறது. இங்கே எல்லாம் ஒரே மட்டம். பெற்றோர் அறை, உடைமாற்றும் அறைகள், குழந்தைகள் அறைகள், விருந்தாளி அறை எல்லாம் ஒரு தரையில். லோஸுக்கு அலுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கிறவர், இருட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு ஓடுகிறவர் இங்கேதான் இருக்கிறார்கள். படியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு எங்கே வைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. குழந்தைகள் அறைகளுக்குக் கண்ணைப் பறிக்கிற வண்ணங்கள். பளிங்கும் மகோகனியும் பெரியவர்கள் பாடு.

எல்லாவற்றுக்கும் மேலே மொட்டை மாடி. இதுவரை ஒன்றைச் சொல்லாமல் வந்தேன். சரிவில் மனை வாங்குகிற எவரும் முதலில் சொல்வது ‘வியூ’. வீட்டின் எல்லா அறைக்கும் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும், சுவருக்குப் பதில் கண்ணாடி வேண்டும் என்பார்கள். லோஸ் இதில் எதிர்க்கட்சி. நாகரிகம் தெரிந்தவர் ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்ப்பதில்லை, ஜன்னல் வெளிச்சத்துக்காக இருப்பது என்று அவர் சொன்னதாகக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே பதிவு செய்திருக்கிறார். முல்லர் வீட்டுக் கூடத்துக்குப் பெரிய ஜன்னல்கள் உண்டு. ஆனாலும் நாற்காலியும் படியும் திறப்பும் கண்ணை வீட்டுக்குள்ளேயே திருப்புகின்றன. வெளிக்காட்சியை அவர் சேமித்து வைத்திருந்து, உச்சிக்கு ஏறி வந்தவருக்குக் கொடுக்கிறார். அங்கேயும் அள்ளிக் கொடுக்கவில்லை. மாடியின் ஓரத்தில் ஒரு சுவர் மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. அதில் கண்ணாடி இல்லாத ஒரு செவ்வகத் திறப்பு. அதன் வழியே பிராக் கோட்டையும் செயின்ட் விட்டஸ் பேராலயமும் தெரிகின்றன.

திறந்த மொட்டை மாடியில் நின்றால் ஊரே தெரியும்போது, அதற்குள் ஒரு சுவர் எழுப்பி அதில் ஓட்டை போடுவது வெட்டிச் செலவு என்று தோன்றலாம். ஊரே தெரிந்தால் எதையும் பார்க்க மாட்டோம். சட்டம் போட்டுக் காட்டினால் நின்று பார்ப்போம். அந்தச் சட்டத்துக்குள் அகப்படும் பேராலயத்தின் வேலை 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்தது. அதாவது லோஸும் முல்லரும் அனுமதிக்காக அலைந்துகொண்டிருந்த நாட்களில்தான், கிட்டத்தட்ட 600 ஆண்டு இழுத்த அந்த வேலை முடிவுக்கு வந்தது. ஊசிக் கோபுரமும் செதுக்கு வேலையும் நிறைந்த கோதிக் ஆலயத்தை, ஒரு கோடுகூட அலங்காரம் இல்லாத சுவர் சட்டமாக நின்று காட்டுகிறது. அலங்காரத்தின் எதிரி என்று பெயர் வாங்கியவர் தன் வீட்டின் மிக நல்ல ஜன்னலை அலங்காரத்துக்கே கொடுத்துவிட்டார். மாடியை ஒட்டி, கோடைக்காலத்தில் சாப்பிட ஜப்பானியச் சாயலில் ஓர் அறையும் உண்டு. 1930 டிசம்பரில் லோஸின் 60-வது பிறந்தநாள் விருந்து இந்த வீட்டில்தான் நடந்தது.

குறை இல்லையா என்றால் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு இந்த வீடு கொடுமை. லிப்ட் இருந்தது என்றாலும் அரைமட்டத்துக்கு அரைமட்டம் எந்த லிப்டும் நிற்காது. வேலையாட்களுக்குத் தனிப் படிக்கட்டு. முன்பக்கத்தில் விருந்தாளி ரசித்து ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் பின்பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கி ஏறியிருப்பார். செலவோ சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாதது. கோத்தகிரியில் ஐந்து சென்ட் வாங்கிவிட்டு இதை அப்படியே நகல் எடுக்கப் போனால் கடனில் மூழ்க வேண்டியதுதான்.

நகல் தேவையும் இல்லை. பளிங்கு இல்லாமலே இந்தப் பாடத்தைப் படிக்கலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறாவில் பாறைச் சரிவைச் சமன் செய்யாமல், அதன் போக்கிலேயே படிப்படியாகத் தன் வீட்டை வளர்த்துக்கொண்டார். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடும் கோட்டுக்கு இணையாக வீட்டை நீட்டினால் தோண்டுவதும் நிரப்புவதும் குறையும், மேலும் கீழுமாக நீட்டினால் செலவு ஏறும் என்பது சிக்கனக் கட்டுமானத்துக்கு அவர் படம் போட்டுச் சொன்ன பாலபாடம். லோஸ் செல்வந்தருக்குக் கட்டினார், பேக்கர் உடைந்த ஓட்டையும் பழைய கதவையும் வைத்துக் கட்டினார். சரிவை இடைஞ்சலாக நினைக்காததில் இருவரும் ஒரு கட்சி.

முல்லர் குடும்பம் அந்த வீட்டை நீண்ட நாள் நிம்மதியாக அனுபவிக்கவில்லை. 1948-இல் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பின் வீடு கைவிட்டுப் போனது. முல்லர் 1951-இல் இறந்தார். தன் சொந்த வீட்டின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மிலடா தங்கியிருந்தார், 1968-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். இடையில் அரசு நிறுவனங்கள் வீட்டைக் கிடங்காகவும் அலுவலகமாகவும் பயன்படுத்தின. அத்தனைக்கும் வீட்டின் உள்ளழகு பெருமளவு தப்பியது. அலமாரி, இருக்கை, மேசைப் பலகை என்று பலவற்றைச் சுவரோடு பொருத்தியே லோஸ் கட்டியிருந்ததும் ஒரு காரணம். தூக்கிக்கொண்டு போவது சுலபமாக இருக்கவில்லை. 1995-இல் பிராக் மாநகரம் வீட்டை வாங்கியது. புதுப்பித்து 2000-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

சரிவில் மனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ஜினீயர் தரைப்படத்தை விரித்து, “ஹால் பதினாறுக்கு இருபது, பெட்ரூம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு” என்று ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள். மண் எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று அதில் கோடு போட்டுக் காட்டட்டும். உங்கள் வீட்டுப் பாட்டியையும், கையில் குழம்புச் சட்டியோடு ஒருவரையும், தவழுகிற குழந்தையையும் அதே அளவில் அந்தப் படத்துக்குள் வரையச் சொல்லுங்கள். அவர்கள் மூன்று பேரும் படி ஏறாமல் நடக்க வேண்டிய வழி எது என்று முதலில் தீர்மானியுங்கள். ஜேசிபிக்கு அதற்கப்புறம் போன் செய்தால் போதும்.